கியரை மாற்றப்போவது யார்?

பழைய சொகுசு கார் வாங்குவது பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, கியர்பாக்ஸைப் பற்றி இரண்டே வரிகள் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். அந்த இரண்டு வரிகளைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் மேசையை நிறைத்திருக்கின்றன. பலர் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டிருப்பதால், ஒத்த கேள்விகளை ஒன்றாக்கி, பெயர்களைத் தவிர்த்துவிட்டு, இம்முறை பகுதி முழுவதையும் மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்பதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஏழு ஆண்டுகள் ஓடிய சொகுசு செடான் ஒன்றை வாங்க இருக்கிறேன். ஒரே மாடல், ஒரே டீசல் இன்ஜின், ஏறத்தாழ ஒரே ஓட்டம் கொண்ட இரண்டு கார்கள் கிடைக்கின்றன. ஒன்று ஆறு கியர் மேனுவல், மற்றொன்று எட்டு கியர் ஆட்டோமேட்டிக். "மேனுவலில் கெட்டுப்போக என்ன இருக்கிறது? ஆட்டோமேட்டிக் ஒருமுறை மக்கர் செய்தால் காரை விற்றுத்தான் சரிசெய்ய வேண்டும்" என்கிறார் என் மைத்துனர். அவர் பேச்சைக் கேட்கலாமா?

பதில்: பாதி கேட்கலாம். மேனுவல் கியர்பாக்ஸுக்குள் பாகங்கள் குறைவு. கம்ப்யூட்டர், ஆயில் அழுத்தத்தைத் திருப்பிவிடும் வால்வுகள், சென்சார்கள் போன்றவை கிடையா. ஒழுங்காக ஓட்டப்பட்ட மேனுவல் கியர்பாக்ஸ் பெரும்பாலும் காரின் ஆயுள் வரை உழைக்கும் என்பதும், ஆட்டோமேட்டிக்கைப் பிரித்து வேலை பார்க்கும் நிலை வந்தால் செலவு பெரிது என்பதும் மறுக்க முடியாதவை.

ஆனால் சொகுசு காரில் இருக்கும் மேனுவலை, சிறிய காரில் இருக்கும் மேனுவலைப் போல நினைத்துக்கொள்வதில்தான் உங்கள் மைத்துனரின் கணக்கு தவறுகிறது. டீசல் இன்ஜினின் அதிர்வும் உறுமலும் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக, இத்தகைய கார்களில் இன்ஜினின் சுழற்சியைக் கிளட்சுக்குக் கடத்தும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலை ஒரே வார்ப்பாகச் செய்யாமல் இரண்டு தட்டுகளாகப் பிரித்து, நடுவில் வளைந்த ஸ்பிரிங்குகளை வைத்திருப்பார்கள். 1980-களின் நடுவில் கார்களுக்கு வந்த இந்த இரட்டை நிறை ஃப்ளைவீல், அதிர்வைத் தானே விழுங்கிக்கொள்கிறது; விழுங்கி விழுங்கி ஒரு கட்டத்தில் அதன் ஸ்பிரிங்குகள் தளர்ந்தும் போகின்றன. இந்த இன்ஜின்கள் குறைந்த சுழற்சியிலேயே பெரும் இழுவிசை தருபவை என்பதால், கியரைக் குறைக்கச் சோம்பி உயர் கியரிலேயே ஆக்ஸிலரேட்டரை அழுத்தி இழுக்கும் பழக்கம் உள்ளவரிடம் கார் இருந்திருந்தால் அந்தத் தளர்ச்சி இன்னும் சீக்கிரம் வரும். அப்போது கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், பேரிங், ஃப்ளைவீல் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். ஆட்டோமேட்டிக்கைப் பிரிக்கும் செலவுக்கு அது ஈடாகாது என்றாலும், "மேனுவலில் செலவே இல்லை" என்று நம்பி வாங்கியவரைத் திகைக்க வைக்கும் அளவுக்கு இருக்கும்.

எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கின் பக்கம் வருவோம். பல கியர்களுள்ள ஆட்டோமேட்டிக் என்றால் ஒவ்வொரு கியருக்கும் ஒரு பழுது என்று சிலர் எண்ணுகிறார்கள். ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் தயாரித்து, 2009-இல் பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸில் முதலில் இடம்பெற்று, பின்னர் ஆடி, ஜாகுவார், லேண்ட் ரோவர் எனப் பல சொகுசு கார்களுக்குப் பரவிய எட்டு கியர் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நான்கு கோள்கியர் தொகுதிகளும் (நடுவில் ஒரு பல்சக்கரம், கோள்களைப் போல அதைச் சுற்றிவரும் சிறு பல்சக்கரங்கள்), அவற்றைப் பிடித்து விடுவதற்கு ஐந்தே கிளட்ச், பிரேக் அமைப்புகளும்தான் இருக்கின்றன. எந்தக் கியரில் ஓடினாலும் அந்த ஐந்தில் மூன்று பிடித்திருக்கும், இரண்டு மட்டுமே விட்டிருக்கும். விட்டுச் சுழலும் தட்டுகள் குறைவாக இருப்பதால் உராய்வில் வீணாகும் சக்தியும் குறைவு. இந்தக் குடும்பத்துப் பெட்டிகள் நல்ல உழைப்பாளிகள் என்று பெயர் வாங்கியவை. ஆயில் மாற்றப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு நானும் அதை வழிமொழிகிறேன்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பெரிய சொகுசு செடானை வடிவமைப்பவர்கள், அதை வாங்குவோரில் மிகப் பெரும்பாலோர் ஆட்டோமேட்டிக்கையே கேட்பார்கள் என்று தெரிந்தே வடிவமைக்கிறார்கள். இன்ஜின் சத்தத்தை வெளியே நிறுத்தும் கனத்த கதவுகளும், சாய்ந்து உட்காரச் சொல்லும் இருக்கையும், மெதுவாகப் பதில் சொல்லும் ஆக்ஸிலரேட்டரும் அதற்கேற்றவை. அந்தக் காரில் மேனுவலை ஓட்டும்போது கிளட்ச் பெடலின் பயணம் நீளமாகவும், எங்கே பிடிக்கிறது என்பது பாதத்துக்கு எட்டாததாகவும், இன்ஜின் எத்தனை சுழற்சியில் இருக்கிறது என்பது காதுக்குத் தெரியாததாகவும் இருப்பதை நான் பலமுறை உணர்ந்திருக்கிறேன். நெரிசலில் அரை மணி நேரம் நகர்ந்தால், சொகுசுக்காகக் கொடுத்த பணத்தை இடது கால் கேள்வி கேட்கும். விற்கும்போதும் இதே நிலைதான்: பெரிய செடானில் மேனுவலைத் தேடி வருபவர்கள் சிலரே.

எனவே என் விடை: ஆட்டோமேட்டிக் காருக்குக் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பில் இருந்து, ஓட்டிப் பார்க்கும்போதும் குறை தெரியவில்லை என்றால் அதையே வாங்குங்கள். பில் இல்லை, விற்பவருக்கு அதைப் பற்றி எதுவும் தெரியவும் இல்லை, மேனுவல் காருக்கோ கிளட்ச் மாற்றிய பில் உட்பட எல்லாம் கோப்பில் இருக்கிறது என்றால், மைத்துனர் சொன்னபடியே செய்யுங்கள்.

கேள்வி: விளம்பரங்களில் "ஆட்டோமேட்டிக்" என்று மட்டும் போடுகிறார்கள். சிலர் அதிலும் பல வகை உண்டு என்கிறார்கள். வாங்குபவருக்கு அந்த வேறுபாடு முக்கியமா?

பதில்: மிக முக்கியம். மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்பதைவிடவும் முக்கியம் என்றே சொல்வேன். கிளட்ச் பெடல் இல்லாத கார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டதால் வரும் குழப்பம் இது.

முதலாவது, டார்க் கன்வெர்ட்டர் உள்ள மரபான ஆட்டோமேட்டிக். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்த ஹைட்ரா-மேட்டிக் பெட்டியில் ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்தத் தொடங்கிய வழியின் வாரிசு அது. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே, ஆயில் நிரம்பிய ஒரு கூட்டுக்குள் எதிரெதிரே இரண்டு விசிறிகள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்று சுழன்று தள்ளும் ஆயில் மற்றொன்றைச் சுழற்றுகிறது. நடுவில் ஆயில் இருப்பதால் நிறுத்தத்திலிருந்து புறப்படுவது வழுக்கிக்கொண்டு போவதுபோல் இருக்கும். வேகம் எடுத்தபின் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

இரண்டாவது, இரட்டை கிளட்ச். ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்சும் இரட்டைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்சும் இருப்பதால், மூன்றில் ஓடும்போதே நான்கு தயாராகக் காத்திருக்கும். பெருமளவில் தயாரிக்கப்பட்ட கார்களில் இதை 2003-இல் ஃபோக்ஸ்வாகன் குழுமம் கொண்டுவந்தது. போர்ஷே தன் பி.டி.கே. பெட்டியை 2008-இல் 911-இல் வைத்தது. இவற்றிலும் கிளட்சுகள் ஆயிலில் நனைந்திருப்பவை, உலர்ந்திருப்பவை என இரு பிரிவுகள் உண்டு. ஊர்ந்து செல்லும் போக்குவரத்தில் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி விட்டும் இருக்கும்போது எழும் சூட்டை ஆயில் எடுத்துச் செல்லும். உலர்ந்த வகைக்கு அந்த வசதி இல்லை. நெரிசலே வாழ்க்கையாக ஓடிய காரில் உலர் கிளட்ச் பெட்டி இருந்தால் நான் இருமுறை யோசிப்பேன்.

மூன்றாவது, படிப்படியான கியர்களே இல்லாத சி.வி.டி. ஆடி நிறுவனம் 2000-ஐ ஒட்டி மல்டிட்ரானிக் என்ற பெயரில் முன்சக்கர இழுவைக் கார்களில் இதைக் கொடுத்து, 2014 வாக்கில் கைவிட்டது. பயணம் பட்டுப்போல் இருக்கும். ஆனால் வயதான மல்டிட்ரானிக்கைத் தெரிந்து பழுது பார்ப்பவரைக் கண்டுபிடிப்பது எளிதல்ல.

நான்காவது, மேனுவல் பெட்டியையே வைத்துக்கொண்டு, கிளட்சை அழுத்துவதையும் கியரை மாற்றுவதையும் ஹைட்ராலிக் பம்ப்பிடம் ஒப்படைத்த வகை. 2005-இல் வந்த பி.எம்.டபிள்யூ. எம்5-இன் எஸ்.எம்.ஜி. இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. பந்தயப் பாதையில் அழகு. அன்றாட ஓட்டத்தில் ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் தலை முன்னே போய்ப் பின்னே வரும். அந்தப் பம்ப்பும் அதன் குழாய்களும் வயதானால் செலவு கேட்கும். தினசரி ஓட்டுவதற்கு இந்த வகையை நான் பரிந்துரைப்பதில்லை.

எந்தக் காரில் எது இருக்கிறது என்பதை விற்பவரின் வாய்மொழியிலிருந்து தெரிந்துகொள்ள முயலாதீர்கள். காரின் அடையாள எண்ணைக் கொண்டு அந்தப் பிராண்டின் பணிமனையில் கேட்டால், கியர்பாக்ஸின் சரியான குறியீடே கிடைக்கும்.

கேள்வி: நான் பார்த்த காரின் உரிமையாளர், "இதில் கியர்பாக்ஸ் ஆயில் வாழ்நாள் முழுவதும் மாற்ற வேண்டியதில்லை, கம்பெனியே சொல்லியிருக்கிறது" என்கிறார். என் மெக்கானிக்கோ, "இத்தனை ஓட்டத்துக்குப் பிறகு மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும்" என்கிறார். இருவரும் மாற்ற வேண்டாம் என்றே சொல்வதால் விட்டுவிடலாமா?

பதில்: இருவரும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள் என்பதற்காக அந்த முடிவு சரியாகிவிடாது.

"வாழ்நாள்" என்ற சொல்லில் யாருடைய வாழ்நாள் என்பது சொல்லப்படவில்லை. முதல் உரிமையாளர் காரை வைத்திருக்கும் காலத்தில் பராமரிப்புச் செலவு குறைவாகத் தெரிவது உற்பத்தியாளருக்கு நல்லது. நீங்களோ இரண்டாவது அல்லது மூன்றாவது உரிமையாளர். கியர்பாக்ஸைத் தயாரிக்கும் இசட்.எஃப். நிறுவனமே, ஓட்டும் சூழலைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளுக்குள், ஆயிலை மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவரின் பேச்சையே நான் எடுத்துக்கொள்வேன். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஆறு கியர் இரட்டை கிளட்ச் பெட்டிக்கு, கிளட்ச் ஆயிலில் நனைந்திருக்கும் வகை என்பதால், 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று அட்டவணையிலேயே இருக்கிறது.

உங்கள் மெக்கானிக்கின் அச்சம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அது வெறும் மூடநம்பிக்கை அல்ல. ஆட்டோமேட்டிக்கின் ஆயில் மசகு மட்டும் போடுவதில்லை. அழுத்தத்தைக் கடத்துகிறது, சூட்டை எடுத்துச் செல்கிறது, கிளட்ச் தட்டுகள் எவ்வளவு உராய்வோடு பிடிக்க வேண்டும் என்பதையும் தன் வேதிச் சேர்க்கையால் தீர்மானிக்கிறது. தட்டுகள் முற்றிலும் தேய்ந்து, அவற்றின் துகள்கள் ஆயிலில் மிதந்துகொண்டிருக்கும் பெட்டியில் புது ஆயிலை ஊற்றினால், அதுவரை எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்த வழுக்கல் வெளியே தெரிய வரலாம். கியர்பாக்ஸ் ஏற்கெனவே வழுக்கத் தொடங்கிய பின்பு, கடைசி முயற்சியாக ஆயில் மாற்றக் கொண்டுவருபவர்களே அதிகம். மாற்றிய மறுவாரம் பெட்டி நின்றுபோனால் பழி ஆயிலின் தலையில் விழுகிறது. நன்றாக மாறிக்கொண்டிருக்கும் பெட்டிக்கு ஆயில் மாற்றுவதால் கெடுதல் வருவதில்லை.

மாற்றும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். அடித்தட்டைத் திறந்து வடித்தால் ஏறத்தாழப் பாதி ஆயில்தான் வெளியே வரும். மீதி டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் குழாய்களிலும் தங்கிவிடும். ஆகவே சிறிது தூரம் ஓட்டிவிட்டு இரண்டாம் முறையும் வடித்து நிரப்புவது நல்ல வழக்கம். நான் சொன்ன எட்டு கியர் பெட்டிகள் பலவற்றில் அடித்தட்டே பிளாஸ்டிக்காக, ஃபில்டர் அதனோடு ஒன்றாக வார்க்கப்பட்டதாக இருக்கும். ஃபில்டரை மாற்ற வேண்டுமென்றால் தட்டையே மாற்ற வேண்டும், பில்லில் அது தனி வரியாக இருக்கும். அளவு பார்க்கும் குச்சி பல கார்களில் இல்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போது, பக்கவாட்டுத் துளையில் வழியத் தொடங்கும் வரை நிரப்ப வேண்டும். கம்ப்யூட்டரை இணைத்து வெப்பநிலையைப் பார்க்காமல் "ஒரு கணக்கில்" ஊற்றும் பணிமனையில் வேலையைக் கொடுக்காதீர்கள். அளவு கூடினாலும் குறைந்தாலும் பெட்டிக்குக் கேடுதான்.

கேள்வி: ஓட்டிப் பார்க்கும்போது கியர்பாக்ஸின் குறையை ஒரு சாதாரண மனிதர் எப்படிக் கண்டுபிடிப்பது? மெக்கானிக்கை அழைத்துச் சென்றாலும், நானே எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில்: நான் ஏமாந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் பெரிய செடான் ஒன்றைப் பார்க்க மாலையில் போயிருந்தேன். நான் போய்ச் சேரும்போதே கார் ஓடிக்கொண்டிருந்தது. "உங்களுக்காகத்தான் ஏ.சி. போட்டு வைத்திருக்கிறேன்" என்று விற்பவர் சிரித்தார், என்ன உபசாரம் என்று நானும் மகிழ்ந்துபோனேன். ஒரு மணி நேரம் ஓட்டினேன், எந்தக் குறையும் தெரியவில்லை. வாங்கி வந்து மறுநாள் காலை ரிவர்ஸில் போட்டேன். கார் அசையவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் நேரம் கழித்து, பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்தது போல ஓர் இடி இடித்துவிட்டு நகர்ந்தது. இரவெல்லாம் நின்று குளிர்ந்த பெட்டிக்குள், இறுகிப்போன ரப்பர் சீல்கள் அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டிருக்கின்றன. சூடானபின் சீல்கள் இளகி, குறை மறைந்துவிடும். அன்றிலிருந்து நான் கார் பார்க்கப் போனால் முதல் வேலையாகக் கையை பானெட்டின் மேல் வைக்கிறேன். சூடாக இருந்தால் அன்றைக்குப் பேச்சு மட்டும்தான், ஓட்டிப் பார்ப்பதை மறுநாள் காலைக்குத் தள்ளிவிடுவேன்.

ஆட்டோமேட்டிக் என்றால், குளிர்ந்த நிலையில் இன்ஜினை இயக்கி, சுழற்சி நிதானத்துக்கு வந்தபின் பிரேக்கை அழுத்திக்கொண்டு பார்க்கிலிருந்து ரிவர்ஸுக்கும், ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கும் மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் கார் ஒரு நொடிக்குள் மென்மையாகப் பிடிக்க வேண்டும். பின்பு குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள், ஏனெனில் சில குறைகள் நேர்மாறானவை: குளிரில் அடங்கியிருந்து, ஆயில் சூடாகி நீர்த்தபின்தான் தலைகாட்டும். கியர் மாறும் கணத்தில் வேகம் கூடாமல் இன்ஜின் மட்டும் ஒரு முறை உறுமி ஓய்ந்தால், முந்தைய கியரின் கிளட்ச் தட்டுகள் விட்டுவிட்டன, அடுத்த கியரின் தட்டுகள் இன்னும் பிடிக்கவில்லை என்று பொருள். மெதுவாக ஆக்ஸிலரேட்டரை வைத்துக்கொண்டு மணிக்கு 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது, சாலையின் குறுக்கே போட்ட சிறு வேகத்தடைக் கோடுகளின் மேல் ஓடுவது போல ஒரு நடுக்கம் வந்து, ஆக்ஸிலரேட்டரைச் சிறிது அழுத்தியதும் மறைந்தால், அது பெரும்பாலும் லாக்-அப் கிளட்சின் வேலை. டயரில் காற்றுக் குறைவு, வீல் பேலன்ஸ் என்று விற்பவர் காரணம் சொல்வார். டயரின் நடுக்கம் ஆக்ஸிலரேட்டருக்குக் கட்டுப்பட்டு நிற்காது என்பதை நினைவில் வையுங்கள். இந்தக் குறை தொடக்க நிலையில் இருந்தால் ஆயில் மாற்றத்திலேயே தீர்வதும் உண்டு. ஆனால் அந்த நம்பிக்கையில் முழு விலை கொடுக்க வேண்டியதில்லை.

மேனுவல் காருக்குச் சோதனை வேறு. கார் நின்றுகொண்டு, கியர் நியூட்ரலில், கிளட்ச் பெடலிலிருந்து காலை எடுத்த நிலையில் இன்ஜின் பக்கம் காது கொடுங்கள். டப்பாவுக்குள் நாணயங்களைக் குலுக்குவது போன்ற கடகடப்பு கேட்டு, பெடலை அழுத்தியதும் மாறினாலோ நின்றாலோ, அல்லது இன்ஜினை அணைக்கும் கணத்தில் கார் ஒருமுறை குலுங்கி "கடக்" என்றாலோ, முன்பு சொன்ன இரட்டை நிறை ஃப்ளைவீலைச் சந்தேகப்படுங்கள். பெடலை அழுத்தும்போது மட்டும் கிரீச்சென்ற ஒலி வந்தால் அது ரிலீஸ் பேரிங். கிளட்ச் வழுக்குகிறதா என்பதை அறிய, தட்டையான வெறிச்சாலையில் நான்காம் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்து ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்துங்கள். சுழற்சி முள் முன்னால் ஓடி, வேக முள் பின்தங்கினால் கிளட்சின் காலம் முடிந்துவிட்டது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது பல் நறநறப்பு கேட்டால், அது கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தி இணையவைக்கும் சின்க்ரோமெஷ் வளையங்களின் தேய்மானம். இது கிளட்ச் மாற்றத்தோடு தீராது, பெட்டியைப் பிரித்தாக வேண்டும்.

கடைசியாக, மெக்கானிக் கொண்டுவரும் ஸ்கேனரில் பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்று வந்தவுடன் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். பிழைகளை அழிப்பது ஒரு பொத்தானின் வேலை. அவை அழிக்கப்பட்டபின் கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதை இன்ஜின் கம்ப்யூட்டர் பெரும்பாலான கார்களில் தனியே எண்ணிக்கொண்டிருக்கும். அந்த எண்ணையும் படிக்கச் சொல்லுங்கள். அது பன்னிரண்டோ பதினைந்தோ என்று வந்தால், நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்தபின் யாரோ வீட்டைப் பெருக்கி வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் எரிபொருளை அதிகம் குடிக்கும் என்பது இன்றைக்கும் உண்மையா?

பதில்: நான்கு, ஐந்து கியர் ஆட்டோமேட்டிக்குகளின் காலத்தில் உண்மை. எட்டு, ஒன்பது கியர்கள் வந்து, லாக்-அப் கிளட்ச் குறைந்த வேகத்திலேயே பூட்டிக்கொள்ளத் தொடங்கியபின் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ஒரே காரின் அதிகாரபூர்வ அளவீடுகளில் ஆட்டோமேட்டிக் மேனுவலைவிடக் குறைவாகக் குடிப்பதைப் பல மாடல்களில் காணலாம். நீங்கள் பார்ப்பது 2005-க்கு முந்தைய கார் என்றால் பழைய கணக்கே பொருந்தும்.

கேள்வி: அடிக்கடி மலைப்பாதையில் போக வேண்டியவன் நான். இறக்கத்தில் மேனுவல்தான் பாதுகாப்பு என்று பயந்து மேனுவலையே தேடிக்கொண்டிருக்கிறேன். சரிதானா?

பதில்: இறக்கத்தில் காரைப் பிடித்து நிறுத்துவது குறைந்த கியர், அதை நீங்கள் போட்டீர்களா, பெட்டி போட்டதா என்பது இரண்டாம் விஷயம். ஆட்டோமேட்டிக்கிலும் லீவரையோ ஸ்டீயரிங்கின் பின்னாலுள்ள துடுப்புகளையோ கொண்டு இரண்டாம், மூன்றாம் கியரில் நிறுத்திவைக்கலாம். டிரைவிலேயே விட்டுவிட்டுப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குபவர்களுக்குத்தான் பிரேக் சூடாகிப் பிடிமானம் குறையும். நியூட்ரலில் போட்டு இறங்கும் பழக்கம் யாருக்கும் வேண்டாம். கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்கு எரிபொருள் போவதே நின்றுவிடும். நியூட்ரலிலோ இன்ஜின் தன் ஓட்டத்துக்காகக் குடித்துக்கொண்டே இருக்கும். அதனால் மிச்சமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. ஏற்றத்தில் நின்று புறப்படும்போதோ ஆட்டோமேட்டிக்கே எளிது. மலைப்பாதைக்காக மட்டும் மேனுவலைத் தேட வேண்டிய அவசியம் இல்லை. சிறிய, உலர் கிளட்ச் கொண்ட இரட்டை கிளட்ச் பெட்டியைத் தவிர்க்க வேண்டியதற்கு அது நல்ல காரணம்.

கேள்வி: எனக்கு இடது முழங்காலில் அறுவை நடந்திருக்கிறது. கணவருக்கு மேனுவல்தான் உயிர். வீட்டில் ஒரு கார்தான் வாங்க முடியும். என்ன செய்வது?

பதில்: ஆட்டோமேட்டிக் வாங்குங்கள், அம்மா. உங்கள் கணவரால் இரண்டையும் ஓட்ட முடியும். அவருடைய ஏக்கத்துக்குத் துடுப்புகள் உள்ள மாடலாகப் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: செடான்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். நான் தேடுவது பதினைந்து ஆண்டு பழைய ஸ்போர்ட்ஸ் கார். அதற்கும் ஆட்டோமேட்டிக்தான் என்பீர்களா?

பதில்: மாட்டேன். அங்கே என் நிலைப்பாடு தலைகீழ். ஓட்டும் இன்பத்துக்காகவே செய்யப்பட்ட காரில், பந்தயப் பாதை நேரத்தைக் குறைப்பது உங்கள் நோக்கம் இல்லையென்றால், மேனுவல் உங்களுக்குச் செய்ய ஏதோ ஒன்றைக் கொடுக்கிறது. வயதானபின் பழுது பார்க்கவும் எளிது. இரட்டை கிளட்ச் பெட்டி மனிதக் கையைவிட வேகமாக மாற்றும் என்பது உண்மைதான். போர்ஷே நிறுவனமே அதை நம்பி, 2013-இல் வெளிவந்த 911 ஜி.டி.3-ஐ பி.டி.கே.யோடு மட்டும் விற்றது. வாடிக்கையாளர்கள் விடவில்லை, 2017-இல் புதுப்பிக்கப்பட்ட ஜி.டி.3-இல் மேனுவல் மீண்டும் வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முந்தைய ஃபெராரிகளிலும் மேனுவல் கம்பி உள்ளவை அரிதாகிப்போனதால், பழைய கார் சந்தையில் அவை ஆட்டோமேட்டிக் உடன்பிறப்புகளைவிட உயர்ந்த விலைக்குப் போகின்றன.

ஆனால் ஸ்போர்ட்ஸ் காரின் மேனுவல் கடினமாக ஓட்டப்பட்ட மேனுவலாகவும் இருக்கும். மிகை சுழற்சிப் பதிவு என்று ஒன்று போர்ஷே போன்ற கார்களின் இன்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஐந்திலிருந்து நான்குக்கு இறக்க நினைத்தவர் கை தவறி இரண்டில் போட்டுவிட்டால், சக்கரங்கள் இன்ஜினை அதன் எல்லைக்கு மேல் சுழற்றிவிடும். அதை எந்தக் கட்டுப்பாட்டுக் கருவியாலும் தடுக்க முடியாது. ஆட்டோமேட்டிக் அந்தக் கட்டளையை ஏற்கவே ஏற்காது. ஆகவே மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும்போது, கியர்பாக்ஸைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பதிவை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: மலிவாகக் கிடைக்கும் பழுதான ஆட்டோமேட்டிக் காரை வாங்கி, அதில் மேனுவல் கியர்பாக்ஸைப் பொருத்திக்கொள்ளலாமா?

பதில்: பெட்டியை மட்டும் மாற்றி முடிகிற வேலை அல்ல. பெடல்கள், ஃப்ளைவீல், கிளட்ச் ஹைட்ராலிக், பின்னால் போகும் ஷாஃப்ட்டின் நீளம், பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம், கம்ப்யூட்டரின் மொழி என எல்லாம் மாற வேண்டும். அதன்பின் பதிவு ஆவணமும் காப்பீடும் அந்த மாற்றத்தை ஏற்குமா என்பது தனிக் கேள்வி. வேண்டாம்.

கேள்வி: வாங்கிவிட்டேன், ஆட்டோமேட்டிக்தான். சரிவில் நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கும்போது பார்க்கிலிருந்து லீவரை இழுத்தால் "டங்" என்று ஒரு சத்தம் வருகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை, நிறுத்தும் வரிசைதான் தவறு. பார்க்கில் போடும்போது கியர்பாக்ஸுக்குள் ஒரு பல்சக்கரத்தின் பற்களுக்கு இடையே விரல் அளவு உலோகக் கொக்கி ஒன்று விழுகிறது; அவ்வளவுதான் பார்க். பிரேக்கிலிருந்து உடனே காலை எடுத்தால், சரிவில் காரின் முழு எடையும் அந்தக் கொக்கியின் மேல் தொங்கும். எடுக்கும்போது அது நெரிசலிலிருந்து விடுபடும் ஒலிதான் நீங்கள் கேட்பது. காரை நிறுத்தியபின் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பிறகு கால் பிரேக்கைச் சற்றே தளர்த்தி கார் ஹேண்ட் பிரேக்கின் மேல் உட்காரும்படி விடுங்கள். அதன்பின் கால் பிரேக்கை மீண்டும் அழுத்திப் பார்க்கில் போடுங்கள். இரண்டு நாள் இப்படிச் செய்தும் சத்தம் நிற்கவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.